வான் தீவில் தோண்டிய ஊற்று

வண்டியில் ஏறியவர்கள் ஆறு பேர். முன்பக்கம் ஸ்டியரிங்கில் ஏரலில் வாடகைக்குப் பிளஷர் கார் ஓட்டும் செந்தில்வேல். அவருக்கு இடப்பக்கம் கதவோரமாக, ஒரு கையை வெளியே தொங்கவிட்டபடி அப்பா, தளவாய். அப்பாவுக்கு நேர் பின்னால் அம்மா, பிச்சம்மாள். பின் இருக்கையின் நடுவில் நான், செல்லக்கிளி. என் மடியில் மூன்று வயது மகள் சந்தனமாரி. செந்தில்வேலுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன், இரண்டு காலுக்கும் நடுவே புளியோதரைத் தூக்குச்சட்டியை இடுக்கிக்கொண்டு. 1973ஆம் வருடம், தை மூன்று, செவ்வாய்க்கிழமை, காணும் பொங்கல். காலை ஆறேகால் மணி.

ஏழாவதாக இருந்திருக்க வேண்டியவன் என் அண்ணன் இசக்கியப்பன். அவன் தூத்துக்குடியில்தான் இருந்தான். புதுத் துறைமுகம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டினான். எங்கள் ஊருக்கும் அவன் வீட்டுக்கும் இடையே இருபது மைல்கூட இராது. ஆனால் அவன் கடற்கரைத் தெருவில் ஒரு பரதவர் வீட்டுப் பெண்ணை, கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணை, கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருடமும் அப்பா அவன் பேரை வாயில் எடுத்ததில்லை. பெண்ணின் பேர் என்ன, யார் மகள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாராவது சொல்ல வந்தால் எழுந்து வயலுக்குப் போய்விடுவார்.

மாசி பன்னிரண்டில் மாரிக்குத் திருச்செந்தூரில் காது குத்து. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். வேறு எதை விட்டாலும் அதை விடமாட்டோம். எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான். அப்பாவோ தன் தம்பி மகன் சுந்தரராஜை உட்காரச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டார். "பொங்கல் கழியட்டும், சுந்தரராசுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடு" என்று மார்கழியிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதுகிறவள் நான். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் அந்த வேலை என்னுடையதுதான்.

அந்த ஒரு கடிதத்தை எழுதாமல் தப்பிக்கத்தான் இந்தப் பயணம்.

வெளியில் சொன்ன காரணம் வேறு. அம்மா கடலைத் திருச்செந்தூரில் கரையில் நின்று பார்த்ததோடு சரி, ஒருநாளாவது வள்ளத்தில் ஏற வேண்டாமா, காணும் பொங்கலுக்குத் தூத்துக்குடிக்காரர்கள் தீவுக்குப் போகிறார்களே என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்துச் செக்ரட்டரி. வள்ளத்துக்கு ஒரு தெரிந்த ஆள் இருக்கிறார் என்று சொன்னார். அந்தத் தெரிந்த ஆள் ஜேசுபாதம், என் அண்ணனின் மாமனார். இது எனக்கும் அவருக்கும் தெரியும். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

அண்ணனுக்கு நான் எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியிருந்தேன். ஒன்று: அன்றைக்கு நீ வராதே. இரண்டு: மாமா வள்ளக்காரராக மட்டும் இருக்கட்டும், உறவு சொல்ல வேண்டாம். மூன்று: தீவில் இறங்கியதும் எங்களைத் தனியே விட்டுவிடட்டும். நான்கு: சாயங்காலம் கரைக்குத் திரும்பியதும், அப்பா நல்ல மனதோடு இருந்தால், நானே சொல்லிக்கொள்கிறேன்.

முக்காணி தாண்டி, பழையகாயல் தாண்டி, முள்ளக்காட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் உப்பளம் வந்தது. அம்மா தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள்.

"இம்புட்டு உப்பையும் யாரு திங்கா?"

"நீதான். நீ வைக்கிற கொழம்புக்கு இந்தப் பாத்தி ஒண்ணு பத்தாது" என்றார் அப்பா, திரும்பாமல்.

"ஆமா, அந்தக் கொழம்பத் தின்னுட்டுத்தான் முப்பது வருசமா வாயடிச்சுக்கிட்டு இருக்கிய."

செந்தில்வேல் சிரித்துவிட்டு, சிரித்தது தெரியாமலிருக்க ஹாரன் அடித்தார்.

மாதா கோயிலைத் தாண்டிக் கடற்கரையில் வண்டி நின்றபோது ஏழரை. ஜேசுபாதம் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவரை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே அதை மடித்து வைத்துக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி. அக்காவக் கையப் பிடிச்சு ஏத்துங்க. வழுக்கும்."

வள்ளத்தில் உட்கார்ந்த விதம்: பின்னால் சுக்கானில் ஜேசுபாதம், முன்னால் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருடைய தம்பி, நாள் முழுக்க நான்கு வார்த்தை பேசியிருந்தால் அதிகம், நடுப்பலகையில் நாங்கள். அப்பா மட்டும் சுக்கானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவருக்கு எதுவும் சரியாக நடக்கும். செந்தில்வேல் கரையிலேயே தங்கிவிட்டார். தண்ணீரில் ஓடுகிற எதையும் தான் நம்புவதில்லை என்றார்.

வாடைக்காற்று எதிராக அடித்தது. வள்ளம் சாய்ந்து சாய்ந்து போயிற்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. மாரிதான் கொண்டாட்டமாக, ஒவ்வொரு அலைக்கும் "இன்னொண்ணு" என்று கேட்டாள்.

"என்னவே, நீரு சங்கு குளிக்கிற ஆளாமே" என்று அப்பா பேச்சை ஆரம்பித்தார்.

"ஆமா அண்ணாச்சி. முத்துக்குளிப்பு நடந்தப்ப அதுக்கும் எறங்கியிருக்கேன். அது நின்னு பத்துப் பன்னெண்டு வருசமாச்சு."

"மூச்சு எம்புட்டு நேரம் பிடிப்பீரு?"

"பிடிக்கிற மட்டும்."

"எங்க ஆத்துல நான் அறுவது எண்ணுத மட்டும் முங்கிக் கெடப்பேன். இப்பவுஞ் சரி."

ஜேசுபாதம் சுக்கானை ஒரு தட்டுத் தட்டினார். "அறுவதா? பரவால்லியே" என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

முன்னால் இருந்த தம்பி திரும்பி அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி கயிற்றைப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு தீவு வரும்வரை நெல்லைப் பற்றியும் வாய்க்கால் முறையைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். ஜேசுபாதம் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாகக் கேள்வி கேட்டார். அத்தனை கேள்வியும் எங்கள் வயலைப் பற்றித் தெரிந்த ஒருவர் கேட்கிற கேள்வி. எங்கள் வாழைத்தோட்டத்து மூலையில் தண்ணீர் கட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா கவனிக்கவில்லை, பதில் சொல்லும் ஆசையில் இருந்தார்.

வான் தீவு என்று பேர்தான் பெரிது. ஒரு மணல் திட்டு, நடுவில் கொஞ்சம் புதர், ஓரத்தில் அலை ஒதுக்கிப் போட்ட வெள்ளைப் பவளக்கல். ஆள் நடமாட்டமே இல்லை. காணும் பொங்கல் கூட்டமெல்லாம் முயல் தீவுக்குப் போயிருந்தது. ஜேசுபாதமும் தம்பியும் பாயை அவிழ்த்து, துடுப்புகளை ஊன்றி நிழல் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு என் மூன்றாவது ஏற்பாட்டின்படி, "அங்கன அந்தக் கோடியில வலை ஒண்ணு போட்டிருக்கு, பாத்துட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுத் தீவின் மறுகோடிக்குப் போனார்கள்.

ஒன்பதரை முதல் பதினொன்று வரை எல்லாம் நன்றாக நடந்தது. அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மாரி சோழி பொறுக்கினாள். என் வீட்டுக்காரர் மணலில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பதினொன்றுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். புளியோதரை, எள்ளுத் துவையல், மசால்வடை, ஆளுக்கொரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி. சாப்பாடு பாதியில் மாரி கேட்டாள்.

"அம்மா, தண்ணி."

நான் பைக்குள் கைவிட்டேன். புறப்படுவதற்கு முன்னால் இருபத்தாறு சாமான்களுக்குப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகக் குறியிட்டுத்தான் வண்டியில் ஏற்றினேன். பதினேழாவது, சொம்பு ஒன்று. பதினெட்டாவது, டம்ளர் மூன்று. இரண்டும் இருந்தன. தண்ணீர் இல்லை. பட்டியலில் எந்த எண்ணிலும் தண்ணீர் இல்லை.

"தண்ணி எங்க, ஏளா?" என்றாள் அம்மா.

"எடுக்கல."

"எடுக்கலியா? மாப்பிள எடுத்திருப்பாவ."

என் வீட்டுக்காரர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "நானா? எனக்கு எப்படித் தோணும்?"

வெளியூர்க்காரர்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும். எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைக் கட்டிக்கொண்டு போவதில்லை. வயலுக்குப் போனால் வாய்க்கால். ஊருக்குப் போனால் வழியில் ஆறு. கோடையில் ஆறு வற்றினாலும் மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று. கல்யாணத்துக்கு வண்டி கட்டிப் போகும்போதும் சொம்பை எடுப்போம், தண்ணீர் எடுக்கமாட்டோம். ஆறு பேரில் ஒருவருக்கும் நினைவு வராததற்கு மறதி காரணம் இல்லை. அது நினைக்கவேண்டிய ஒரு பொருளாக எங்களுக்கு இருந்ததே இல்லை.

"இதுக்கா இந்தப் பாடு" என்றார் அப்பா. கையைக் கடலில் கழுவிக்கொண்டு, பையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையை எடுத்தார். துவையல் வைத்துக் கொண்டுவந்த சிரட்டை. "சுத்தி மணலு. தோண்டுனா வராமலா போயிரும்?"

"கடலுக்குள்ள இருக்கு மாமா" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

"மணலு மணலுதான் மாப்ளே."

தீவின் மேடான இடமாகப் பார்த்து, புதருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் ஊற்றுத் தோண்டுவதற்கு ஒரு முறை உண்டு. தோண்டிய மணலை வலப்பக்கம் மட்டும் போடுவார். குழியின் சுவரை உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்குவார். தண்ணீர் கசிந்ததும் முதல் மூன்று சிரட்டையை மொண்டு வெளியே கொட்டுவார். பிறகு குழியின் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பேசாமல் இருப்பார். தெளியட்டும் என்று. நாலாவது சிரட்டையைத்தான் வாயில் வைப்பார்.

வைத்தார். துப்பினார்.

"இது ஓரமா இருக்கு" என்றார். நாலடி தள்ளி இன்னொன்று தோண்டினார். மாரி அழ ஆரம்பித்தாள். புளியும் எள்ளும் கருப்பட்டியும் எல்லோருக்கும் தொண்டையைப் பிடித்திருந்தன. நான் வள்ளத்தைப் பார்த்தேன். பலகைக்கு அடியில் அவர்கள் ஏதாவது வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் கேட்காமல் எடுக்கத் தயக்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அவர்களைக் கூப்பிட மறுகோடிக்கு ஓடினார். அப்பா மூன்றாவது குழிக்கு வந்துவிட்டார். வேட்டியெல்லாம் மணல். நெற்றியில் வியர்வை. பேத்தி அழுகிற சத்தம் கேட்கக் கேட்கக் கை வேகமாகப் போயிற்று. ஆனாலும் மணல் வலப்பக்கம்தான் விழுந்தது. மூன்று சிரட்டை கொட்டினார். கையால் மூடினார்.

அப்போது ஜேசுபாதம் வந்தார். வந்த வேகத்தில் பேச வாயெடுத்தவர், அப்பாவின் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். மூடியிருந்த கைகளைப் பார்த்தார். ஓரமாகக் குவிந்திருந்த மணலைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத, பிரியமான சிரிப்பு.

"அடடா, எம் மருமவன் செஞ்ச கூத்த அப்படியே செய்யுதியளே அண்ணாச்சி. கல்யாணமான புதுசுல வீட்டுக்குப் பின்னால கடக்கரையில இப்படித்தான் மண்டி போட்டு உக்காந்துட்டான். மூணு சிரட்டை வெளிய, நாலாவது வாயில. தெருவே கூடிருச்சு. இந்தக் கைய மூடுதது இருக்குல்லா, அது மட்டும் ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப்..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். என்னுடைய நான்கு ஏற்பாடும் அந்த இடத்தில் முடிந்தன.

அப்பா குழியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.  

"எந்த ஊருப் பையன்?" என்றார்.

"ஒங்க ஊருதான் அண்ணாச்சி" என்றார் ஜேசுபாதம்.

பின்னால் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரும் நின்றுவிட்டார். மாரி மட்டும் "தாத்தா, தண்ணி வந்துருச்சா?" என்று அழுகையோடு கேட்டாள். ஜேசுபாதம் திரும்பி வள்ளத்துக்குப் போனார். ஓடவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக மணலில் நடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பலகைக்கு அடியிலிருந்து ஒரு மண்பானையைத் தூக்கிவந்தார். வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது.

"குசினியில இருந்து எம் மவதான் கட்டிக் குடுத்தா. அவுக தண்ணி எடுத்திருக்க மாட்டாக, சேத்துக் கொண்டுபோங்கன்னு சொன்னா. நான்தான் கிறுக்கன், எறங்குனதும் எடுத்து வைக்காமப் போயிட்டேன்."

மாரி குடித்தாள். இரண்டு டம்ளர். அம்மா வாங்கி, கிழக்கே பார்த்துத் திரும்பிக்கொண்டு குடித்தாள். அவள் தோள் குலுங்கியது. அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு வள்ளத்திலேயே புரிந்துவிட்டது என்று. வாழைத்தோட்டத்து மூலையை ஜேசுபாதம் கேட்டபோதே புரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் என் மணிக்கட்டை அப்படிப் பிடித்திருந்தது அலைக்குப் பயந்து அல்ல.

அப்பா குடிக்கவில்லை. மூன்று குழிகளுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜேசுபாதமும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், பானையைத் தனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. நாங்கள் நிழலுக்குப் போவது போலப் போனோம். கேட்கிற தூரத்தில்தான் இருந்தோம்.

"தெளியதுக்கு" என்றார் அப்பா.

"என்னது?"

"கைய மூடுதது. காத்துல மணலு விழாமத் தண்ணி தெளியதுக்கு. எங்கப்பா காமிச்சது."

"அப்படியா. அவங்கிட்ட கேட்டா, அப்படித்தான் செய்யணும்னு மட்டும் சொல்லுதான்."

காற்றில் பாய் படபடத்தது. அப்பா ஒரு குழியை மணல் போட்டு மூட ஆரம்பித்தார். யாராவது கால் வைத்து விழுந்துவிடக் கூடாது என்பதுபோல, கவனமாக. இரண்டாவதையும் மூடினார். மூன்றாவதற்கு வந்தபோது கேட்டார்.

"பொறவு தண்ணிக்கு என்ன செஞ்சான்?"

இதை எழுதும்போது யோசிக்கிறேன், அந்த நான்கு வருடத்தில் அண்ணன்தான் என்று தெரிந்தே அவனைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மொதல்ல ரொம்பச் சீரழிஞ்சான் அண்ணாச்சி" என்றார் ஜேசுபாதம். "எங்க தெருக் கெணத்துத் தண்ணி சப்புன்னு இருக்கும். குடிக்க முடியல. வயித்துக்கு ஒத்துக்கல. எளச்சுப் போனான். எம் மவ சீரகம் போட்டுக் கொதிக்க வச்சுக் குடுப்பா. விடியக்காலம் முனிசிபாலிட்டிக் குழாய்ல போய் வரிசையில நின்னு அவனே ரெண்டு கொடம் பிடிச்சுட்டு வருவான். பொம்பளைங்களுக்கு நடுவுல இவன் ஒருத்தன். இப்பவும் அவந்தான் பிடிக்கான். ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னால."

"இந்தத் தண்ணி?"

"காலையில அவம் பிடிச்சதுதான்."

அப்பா பானையைப் பார்த்தார்.

"குடிங்க" என்றார் ஜேசுபாதம். "வல்லநாட்டுலேருந்து குழாய்ல வாரது. ஒங்க ஆத்துத் தண்ணிதான்."

அப்பா சொம்பை நீட்டினார். ஜேசுபாதம் ஊற்றினார். அப்பா அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்து, வாயில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

"எங்க ஆத்துத் தண்ணிக்கு இந்த ருசி கெடையாது. மருந்து வாடை அடிக்கி."

"குளோரின் போடுதாங்க."

"எதுக்குப் போடணும்? நல்ல தண்ணியக் கெடுத்து வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, முழுச் சொம்பையும் குடித்தார். பிறகு சொம்பை மறுபடியும் நீட்டினார். "நீங்க குடிச்சியளா?"

காலையிலிருந்து அவரிடம் 'நீரு' என்று பேசி வந்தவர், இப்போது 'நீங்க' என்றார். 

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. உட்கார்ந்த இடம் மாறவில்லை, ஒன்றைத் தவிர. அப்பா சுக்கான் பக்கத்திலிருந்து எழுந்துவந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். வள்ளம் ஆடியதால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை.

"ஏளா கிளி. எத்தன கடுதாசி போட்டிருப்ப?"

பொய் சொல்ல இனி ஒன்றுமில்லை. "மாசத்துக்கு ஒண்ணு."

"நாலு வருசம். நாப்பத்தெட்டு."

"நாப்பத்தேழு. மாரி பொறந்த மாசம் எழுதல."

"பதிலு?"

"சங்கத்து விலாசத்துக்கு வரும்."

அப்பா என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கடலில் எதையோ ரொம்ப முக்கியமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்ல செக்ரட்டரி" என்றார் அப்பா. பிறகு, "என்ன எழுதுவ?" என்றார்.

"வயல்ல என்ன நட்டிருக்கு, எந்தப் பசு கன்னு போட்டுச்சு, ஒங்களுக்குக் கால்வலி எப்படி இருக்கு. அதான்."

"அவன் என்ன எழுதுவான்?"

"ஒங்களுக்குக் கால்வலி எப்படி இருக்குன்னு கேட்டு எழுதுவான்."

அப்பா என் முழங்காலிலிருந்து கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் ஜேசுபாதம் சுக்கானில் இருந்தபடியே தெற்கே கை நீட்டினார். வெகு தூரத்தில் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டு போகும் வேலை நடந்த இடத்தில் மூன்று கிரேன்கள் தெரிந்தன.

"எது?" என்றார் அப்பா.

"நடுவுல உள்ளது. இன்னைக்கு லீவு இல்ல அவனுக்கு."

அப்பா கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். அந்தத் தூரத்தில் கிரேனுக்குள் ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவிலிருந்தது ஒரு தடவை திரும்பி, எதையோ இறக்கி, மறுபடி நிமிர்ந்தது.

"உயரமா இருக்கே" என்றார்.

"பயப்படாண்டாம் அண்ணாச்சி. கெட்டிக்காரன்."

கரையில் இறங்கினபோது, வீட்டுக்கு வந்துவிட்டுப் போகலாமே என்று ஜேசுபாதம் கேட்கவில்லை. கேட்டால் அப்பா முடியாது என்று சொல்லவேண்டி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா காலிப் பானையை வாங்கி, சாப்பாட்டில் மீதி இருந்த நாலைந்து வடைகளை இலையில் கட்டி உள்ளே போட்டு, வாயைத் துணியால் மூடித் திருப்பிக் கொடுத்தாள். எங்களில் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவதில்லை.

 அன்றைக்கும் மறுநாளும் அப்பா அம்மாவிடம் உப்பு கூடிப்போயிற்று என்றுகூடச் சொல்லவில்லை. என்னைத் தாண்டி வயலுக்குப் போனார், வந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்தது தாகத்துக்கு. தாகத்துக்குக் குடித்ததை வைத்து நான் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. காதுகுத்துக்கு இன்னும் முப்பத்தேழு நாள் இருந்தது. சுந்தரராஜுக்கு எழுதவேண்டிய கடிதம் எழுதப்படாமல் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டு அதை எழுதச் சொல்லலாம்.

வியாழக்கிழமை, தை ஐந்து, காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார்.

"ஏளா கிளி. இன்லண்டு இருக்கா?"

இன்லண்டுக் கடிதத்தாள் ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். பேனாவையும் அட்டையையும் எடுத்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, ஊரும் தேதியும் எழுதிவிட்டு நிறுத்தினேன். 

"சுந்தரராசுக்கா?" என்று கேட்டேன்.

"அவன் வந்து பந்தி விசாரிக்கட்டும். அவனுக்குச் சாவகாசமா எழுதிக்கிடலாம்." அவர் தொண்டையைச் செருமினார். "எழுது. சிரஞ்சீவி இசக்கியப்பனுக்கு ஆசீர்வாதம்."

எழுதினேன்.

"இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் உன் சுகத்துக்கும்..." நிறுத்தினார். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அந்தப் பிள்ள பேரு என்ன?"

"சலேத்மேரி."

ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சௌபாக்கியவதி சலேத்மேரி சுகத்துக்கும் எழுதவும். மாசி மாதம் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை திருச்செந்தூரில் குழந்தை சந்தனமாரிக்குக் காது குத்து வைத்திருக்கிறது. தாய்மாமன் நீ மடியில் இருத்தணும். முதல்நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்து சேரவும். ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரும்னு தனியா எழுதவா?"

"தனியா எழுது. கோயிலுக்குள்ள வாரதும் வராததும் அந்தப் பிள்ள இஷ்டம், பந்தியில கட்டாயம் இருக்கணும்னு சேத்து எழுது. அவுக அப்பாவையும் சித்தப்பாவையும் தனியா வந்து அழைப்போம்னு எழுது. கடுதாசியில அழைக்கக் கூடாது, மரியாத இல்ல."

எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி மடிப்பில் இரண்டு அங்குல இடம் மிச்சம் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். வெற்றிடம் விட்டால் அவருக்குப் பிடிக்காது.

"கால்வலி தேவலைன்னு எழுது" என்றார்.

கையெழுத்துக்கு நீட்டினேன். 'தளவாய்' என்று போட்டு, அதற்கு மேலே தன் கையாலேயே 'உன் அப்பா' என்று எழுதினார். எழுத்து கோணியிருந்தது. விலாசப் பக்கத்தைத் திருப்பினேன். தெரியாததுபோல விலாசம் என்ன என்று கேட்க வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

"எழுது, எழுது. நாப்பத்தேழு தடவ எழுதுனதுதான்" என்றார் அப்பா.

கடற்கரைத் தெரு, ஜேசுபாதம் பார்வைக்கு என்று எழுதினேன். ஒட்டும் பசை காய்ந்து போயிருந்தது. அம்மா நாலு சோற்றுப் பருக்கையைக் கொண்டுவந்து மடிப்பில் தேய்த்தாள். மங்கலக் கடிதம் என்பதால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். மஞ்சள் காயும்வரை அப்பா அதை முழங்காலில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். பத்து மணிக்கு ஏரல் தபாலாபீஸில் பை கட்டுவார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். ஒன்பது நாற்பதுக்குப் பெட்டியில் போட்டு, பை கட்டுகிற வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.